ஆள் பஞ்சமும் கூலிக் கணக்கும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உபந்யாசம்)



பொன்னேரி, மீஞ்சூர் பிரதேசத்துக் கிராமங்களில் எந்தச் சங்கத்துப் பொதுக்கூட்டமானாலும், கடன், உரம், வட்டி ஆகிய விஷயங்கள் முடிந்த பிறகு தவறாமல் எழும் முறையீடு ஒன்று உண்டு. "நிலம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, நாற்றும் தயாராயிருக்கிறது, ஆள்தான் இல்லை" என்பதே அது. அங்கிருந்து தெற்கே எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வரையில் சென்றால், லாரி வைத்திருப்போரும் இதையே வேறு வார்த்தைகளில் கூறுகின்றனர். "வண்டி இருக்கிறது, சரக்கு இருக்கிறது, ஓட்டுவதற்கு டிரைவர் கிடைப்பதில்லை" என்கின்றனர்.

ஒரே சாலையின் இரு முனைகளிலும் ஒரே முறையீடு எழுவது கவனிக்கத் தக்கது. துறைமுகமும் கம்பெனிகளும் ஆட்களை இழுத்துக்கொண்டன என்று கிராமம் சொல்லுகிறது. கிராமத்து வாலிபர்கள் இந்த வேலைக்கு வர மறுக்கிறார்கள் என்று துறைமுகம் சொல்லுகிறது. இரு தரப்பாரும் முடிவில் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வரும் ஆட்களையே எதிர்பார்த்து நிற்கின்றனர். அப்படியானால் உண்மையில் குறைந்திருப்பது ஆளா, அல்லது வேறு ஏதாவதா என்பதைச் சங்கத்தார் நிதானமாக ஆராய்வது அவசியம்.

பழைய முறையீடு

ஆள் பஞ்சம் என்ற பேச்சு இன்று நேற்று எழுந்ததன்று. 1856ஆம் வருஷம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிற்று. பக்கிங்காம் கால்வாயில் வடக்கேயிருந்து விறகும் உப்பும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்து வந்தனர். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளின் மூலம் சரக்குகள் கரை சேர்ந்தன. இத்தனை வேலைகளுக்கும் செங்கற்பட்டு ஜில்லாவின் கிராமங்களிலிருந்து ஆட்கள் சென்றனர். இலங்கை, பர்மா, மலாயாத் தோட்டங்களுக்கும் வேலைகளுக்கும் கப்பலேறிப் போனவர்களும் பலர்.

அக்காலத்தில் ஜில்லாக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹியர் என்பவர், 1891ஆம் வருஷத்தில் பண்ணையாட்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பரம்பரைக் கடனில் சிக்கி, குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல் அவர்கள் வாழ்ந்ததை அவர் எடுத்துக் காட்டினார். அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் சர்க்கார் உத்தரவு 1892ல் பிறந்தது அதன் பயனாகவே. சொந்த மனை கிடைத்தால் ஆள் கைவிட்டுப் போய்விடுவான் என்ற அச்சம் மிராசுதாரர்களிடையே அன்றே இருந்தது. ஜனங்கள் நிறைந்திருந்த அக்காலத்திலும் ஆள் நிற்கமாட்டான் என்று அஞ்சினார்கள் என்றால், அந்த அச்சம் எண்ணிக்கையைப் பற்றியதன்று. ஆளை எந்த நிபந்தனையின் பேரில் நிறுத்துவது என்பதைப் பற்றியதே யாகும்.

துறைமுக வாயிலில் கற்ற பாடம்

துறைமுக வேலையின் தன்மை எல்லோரும் அறிந்ததே. கப்பல் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. முற்காலத்தில் ஆட்கள் விடியற்காலையிலேயே வாயிலுக்கு வந்து காத்து நிற்பார்கள். மேஸ்திரி தமக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் வெறுங்கையுடன் வீடு திரும்புவார்கள். கப்பல் கம்பெனிக்கு எப்பொழுதும் ஆள் தயாராக நிற்கவேண்டும். ஆனால் அப்படி நிற்பதற்கு ஒரு காசும் கிடையாது.

இந்த அநீதியைப் போக்குவதற்காக 1948ஆம் வருஷத்தில் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பம்பாய், கல்கத்தா, சென்னை முதலிய துறைமுகங்களில் 1950களில் தொழிலாளர் போர்டுகள் இயங்கலாயின. ஆட்களின் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. வேலை முறைப்படி பங்கிடப்பட்டது. வேலைக்கு வந்து வேலை கிடைக்காத நாளுக்கும் வருகைப் படி உண்டு என்றும், மாதத்தில் இத்தனை நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலி உறுதி என்றும் ஏற்பட்டது. பிரிட்டனிலும் 1947ல் இவ்வகை ஏற்பாடு வந்தது. காத்திருப்பதும் வேலையே என்பதைச் சட்டம் முதன்முதலாக ஒப்புக்கொண்டது என்று கூறலாம்.

பின்னர் காலம் மாறிற்று. 1983ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. பெரிய இரும்புப் பெட்டிகள் வந்தபின், நூறு பேர் செய்த வேலையை ஒரு பாரந்தூக்கி செய்தது. 1997ஆம் வருஷத்துச் சட்டத்தின் வழியே தொழிலாளர் போர்டும் பிற்பாடு துறைமுக நிர்வாகத்துடன் சேர்க்கப்பட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001ல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் பிறகு ஒரு துறைமுகம் எழுந்தது. சரக்கு பெருகிற்று. ஆனால் காத்திருப்பு ஒழியவில்லை. இடம் மாறிற்று, அவ்வளவே. வாயிலுக்கு உள்ளே கூலியுடன் இருந்த காத்திருப்பு, வாயிலுக்கு வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கூலியில்லாத காத்திருப்பாயிற்று. டிரெய்லர் வண்டிகள் திருவொற்றியூரையும் தாண்டிப் பல மைல் தூரம் வரிசையாக நின்ற காலங்களை இப்பிரதேசத்தார் நேரில் கண்டிருக்கின்றனர். நெரிசலான நாட்களில் டிரைவர் ஒரு பகலும் ஓர் இரவும் வண்டியிலேயே கழிக்க நேர்ந்தது. குளிக்க இடமில்லை, கால் நீட்டவும் இடமில்லை. வண்டி ஓடிய டிரிப்புக்குத்தான் பேட்டா. நின்ற நேரத்துக்கு இல்லை.

டீக்கடையில் ஒரு சம்பாஷணை

இந்த விஷயம் தெளிவாக விளங்கும் பொருட்டு, மீஞ்சூர் டீக்கடை ஒன்றில் ஒரு குடியானவரும், அவர் ஊரிலேயே பிறந்து டிரெய்லர் ஓட்டும் ஒரு வாலிபரும் பேசிக்கொள்வதாகப் பாவிக்கலாம்.

"ஏன் தம்பி, உன் தகப்பன் ஏர் பிடித்தவன். நீ ஊரைவிட்டுப் போனதால் அல்லவா என் வயல் நடவில்லாமல் கிடக்கிறது?" என்று குடியானவர் கேட்கிறார்.

"பெரியப்பா, உங்கள் வயலில் நடவுக்கு எத்தனை நாள் வேலை இருக்கிறது?" என்கிறார் வாலிபர்.

"நடவு, களை, அறுப்பு எல்லாம் சேர்த்தால் ஊரில் ஒரு போகத்துக்கு இருபது நாளாவது கிடைக்கும்."

"மீதி நாட்களுக்கு என் வீட்டு அடுப்பை யார் எரிப்பது?"

குடியானவர் சிறிது யோசித்துவிட்டு, "சரி, லாரியிலாவது நன்றாயிருக்கிறாயா?" என்று கேட்கிறார்.

"அங்கும் அதே கதைதான். ஓடினால் காசு, நின்றால் இல்லை. என்னோடு சேர்ந்த நாலு பேரில் இரண்டு பேர் வண்டியை விட்டுவிட்டுக் கம்பெனி வாசலில் காவல் வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் மாதம் பிறந்தால் கைக்கு வருகிறது. இப்பொழுது என் முதலாளியும் ஆள் இல்லை என்கிறார், உங்களைப்போலவே."

வாலிபர் கூறிய கடைசி வார்த்தையில் இந்த உபந்யாசத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதனை இலக்கத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

நாட்கூலியும் வருஷக் கூலியும்

உதாரணமாக, நடவுக்கு ஒரு நாளைக்கு ரூ. 400 கூலி என்று வைத்துக்கொள்ளலாம். சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று போகங்களிலும் போகத்துக்கு 20 நாளாக, வருஷத்தில் 60 நாள் வேலை கிடைத்தால் மொத்தம் ரூ. 24,000 ஆகும். பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் ரூ. 2,000. கிடங்கு ஒன்றில் நாட்கூலி ரூ. 350 மட்டுமே என்று கொண்டாலும், 300 நாள் வேலை இருந்தால் ரூ. 1,05,000 கிடைக்கிறது. குடியானவர் "ஐம்பது ரூபாய் அதிகமாகக் கொடுக்கிறேனே, ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார். அவர் பார்ப்பது ஒரு நாளின் கூலி. தொழிலாளி பார்ப்பது வருஷத்தின் கூலி.

லாரிக் கணக்கும் இப்படியே. ஒரு டிரிப்புக்கு ரூ. 1,000 பேட்டா என்று கொண்டால், பத்து மணி நேரத்தில் முடியும் டிரிப்பில் மணிக்கு ரூ. 100 விழுகிறது. அதே டிரிப்பு வாயில் நெரிசலால் 25 மணி நேரம் நீண்டால் மணிக்கு ரூ. 40தான். பேட்டாவைக் குறைத்தவர் ஒருவருமில்லை. ஆயினும் டிரைவரின் கூலி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இனிக் குடியானவரின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். அவர் செல்வந்தரல்லர். ஏக்கருக்கு ரூ. 500 கூடுதலாகக் கேட்டால் அவர் தயங்குவது இயற்கையே. ஆனால் குறுகிய கால நெல்லின் நாற்று ஏறக்குறைய 20 நாளில் நடப்படவேண்டும். பேரம் முடியாமல் பத்து நாள் தள்ளினால் நாற்று முற்றித் தூர் குறைகிறது. அதனால் ஏக்கருக்கு இரண்டே மூட்டை குறைவதாகவும், மூட்டை ரூ. 1,500 என்றும் கொண்டால், நஷ்டம் ரூ. 3,000. ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மூவாயிரத்தை இழப்பது எவ்வகைச் சிக்கனம்?

நூறு நாள் வேலைத் திட்டந்தான் ஆட்களைக் கெடுத்துவிட்டது என்று சிலர் சொல்லுவதுண்டு. 2005ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் 100 நாட்களுக்கே உறுதி கூறிற்று. 2024-25ல் தமிழ்நாட்டுக்கு அதில் விதித்த நாட்கூலி ரூ. 319. எஞ்சிய 265 நாட்களிலும் ஆள் வராததற்கு அந்தத் திட்டத்தைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

வெளியூர் ஆட்கள் ஏன் வருகிறார்கள்?

ரிசர்வ் பாங்கின் புள்ளிவிவரப்படி, 2022-23ல் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் ரூ. 764, மத்தியப் பிரதேசத்தில் ரூ. 229, இந்தியா முழுவதற்கும் ரூ. 345. தண்ணீர் பள்ளத்தை நாடுவதுபோல் உழைப்பு உயர்ந்த கூலியை நாடுகிறது. வடநாட்டு வாலிபர்கள் சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்குவதும், தமிழ்நாட்டு வாலிபர்கள் அயல்நாடுகளுக்குப் புறப்படுவதும் ஒரே காரணத்தால்தான். ஆகையால் வெளியூர் ஆள் என்றைக்கும் மலிவாக வந்துகொண்டே இருப்பான் என்று நம்பிச் சங்கத்தார் சும்மா இருந்துவிடக் கூடாது. அவன் ஊரிலும் வயல் உண்டு. அங்கும் கூலி உயரும் நாள் வரும்.

இந்த உண்மை 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது வெளிப்பட்டது. கூலியும் உணவும் நின்றவுடன் லட்சக்கணக்கானோர் சொந்த ஊருக்கு நடந்தும் ரயிலேறியும் திரும்பினர். அவ்வருஷம் ஜூன் மாதம் நடவுக் காலத்தில் பஞ்சாப் குடியானவர்கள் பெரிதும் திண்டாடினார்கள். சிலர் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் பஸ் அனுப்பி ஆட்களை அழைத்து வந்தனர். வேறு பல கிராமங்களிலோ, இதற்கு மேல் கூலி கொடுக்கக் கூடாது என்று பஞ்சாயத்துத் தீர்மானம் போட்டு, மீறினால் அபராதம் என்றும் பகிஷ்காரம் என்றும் மிரட்டினர். இவ்வழி உள்ளூர்த் தொழிலாளிக்கும் குடியானவருக்கும் இடையே பகையை வளர்த்ததே தவிர, ஓர் ஆளையும் கூடுதலாக உண்டாக்கவில்லை. எந்தக் கூட்டுறவுச் சங்கமும் இதைப் பின்பற்றலாகாது.

செல்வம் நிறைந்த பிரிட்டனும் இதற்கு விலக்கன்று. கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் பலர் ஊர் திரும்பிய பிறகு, 2021ல் அந்நாட்டில் 1,00,000க்கு மேற்பட்ட லாரி டிரைவர்கள் குறைவாக உள்ளனர் என்று லாரித் தொழில் சங்கத்தார் மதிப்பிட்டனர். பெட்ரோல் லாரிகளை ஓட்டப் பட்டாளத்தாரை அழைக்கவேண்டி வந்தது. சர்க்கார் அயல்நாட்டு டிரைவர்களுக்குச் சில மாதங்களுக்கு மட்டும் 5,000 அனுமதிகள் வழங்க முன்வந்தபோது, வந்து கேட்டவர்கள் சொற்பமே. லைசென்ஸ் வைத்திருந்த உள்நாட்டார் பலரே நீண்ட நேரக் காத்திருப்பையும், சாலையோரத்தில் தங்கவும் குளிக்கவும் வசதியின்மையையும் வெறுத்துத் தொழிலைவிட்டு விலகியிருந்தனர். எண்ணூர்ச் சாலையில் நிற்கும் டிரைவர் சொல்லும் குறையும் இதுவே.

முன்பணம் என்னும் கண்ணி

வெளியூர் ஆட்கள் விஷயத்தில் சங்கத்தார் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து, ஏஜெண்டிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு திருவள்ளூர் ஜில்லாவின் செங்கற் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருவோர் உளர். அவர்களில் சிலர் கணக்குத் தீராமல், ஊர் திரும்பவும் முடியாமல், கொத்தடிமைகளாக அதிகாரிகளால் மீட்கப்பட்ட நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. 1976ஆம் வருஷத்துச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. 1979ல் வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் முன்பணமும் தரகும் உள்ள இடத்தில் கூலியில் ஒரு பகுதி நடுவிலேயே நின்றுவிடுகிறது. குடியானவர் கொடுப்பது ஒரு தொகை. தொழிலாளி வாங்குவது வேறு தொகை. முன்னவர் கூலி அதிகம் என்கிறார். பின்னவர் கூலி குறைவு என்கிறார். இருவர் சொல்லுவதும் மெய்யே.

சங்கம் செய்யக் கூடியவை

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்து கடினமன்று. கீழ்க்கண்ட ஏற்பாடுகள் எந்தக் கிராமச் சங்கத்துக்கும் எட்டாதவை அல்ல.

முதலாவது, நடவுப் பட்டியல். ஒவ்வொரு போகத்துக்கும் முன்பே அங்கத்தினர்கள் தத்தம் ஏக்கர் அளவையும் நாற்றுவிடும் தேதியையும் சங்கத்தில் பதிவு செய்யலாம். எல்லோரும் ஒரே வாரத்தில் நாற்றுவிடாமல் நான்கைந்து நாள் இடைவிட்டுப் பங்கிட்டுக்கொண்டால், ஒரே கூட்டத்தார் பத்து நாளுக்குப் பதிலாக ஒரு மாதம் தொடர்ந்து வேலை பெறுவார்கள். காத்திருப்பு வேலையாக மாறும்.

இரண்டாவது, எழுத்தில் கூலி. ஏக்கருக்கு இவ்வளவு என்பதையும், மழையாலோ தண்ணீர் வராததாலோ வேலை நின்றால் அந்த நாளுக்கு இவ்வளவு படி என்பதையும் முன்கூட்டியே எழுதிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டவேண்டும். உள்ளூர் ஆள், வெளியூர் ஆள், ஆண், பெண் என்ற பேதம் ஒரே வேலைக்கு இருக்கலாகாது.

மூன்றாவது, நேர்ப் பட்டுவாடா. முன்பணம் அவசியமானால் தரகர் மூலமாக அல்லாமல் சங்கத்தின் வழியே, தொழிலாளியின் பெயரில் கணக்கெழுதிக் கொடுக்கவேண்டும். கூலியும் அவர் கையிலோ அவர் பாங்குக் கணக்கிலோ நேராகச் சேரவேண்டும்.

நான்காவது, இயந்திரம். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் தனி ஒருவர் வாங்க இயலாதவை. சங்கம் வாங்கி வாடகைக்கு விடலாம். உள்ளூர் வாலிபர்களுக்கே அவற்றை ஓட்டப் பழக்கினால் ஊரில் மாதச் சம்பள வேலை சில உண்டாகும்.

ஐந்தாவது, லாரி ஓட்டும் அங்கத்தினர்களுக்கு ஒரு சிறிய நோட்டுப் புத்தகம். வாயில் வரிசையில் நின்ற நேரமும் வெளியே வந்த நேரமும் அதில் நாள்தோறும் குறிக்கப்படவேண்டும். சரக்குக்காரரிடமிருந்து ஹால்டிங் பணம் வண்டிக்காரருக்கு வரும்போது அதில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று டிரைவர்கள் ஒன்றாகக் கேட்பதற்கு அந்தக் குறிப்பே ஆதாரம். குறிப்பில்லாத கோரிக்கை வெறும் புலம்பலாகப் போய்விடும்.

முன்னே நடந்து காட்டியவர்கள்

தொழிலாளர் கூட்டுறவு வெறுங் கனவு என்று எவரேனும் ஐயுற்றால், வடகரைக்கு அருகிலுள்ள ஊராளுங்கல் சங்கத்தை நினைக்கவேண்டும். 1925ஆம் வருஷம், மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், வாக்படானந்தர் என்ற சீர்திருத்தக்காரரைப் பின்பற்றியதற்காக வேலை மறுக்கப்பட்ட ஏழைத் தொழிலாளிகள், பதினான்கு பேராகக் கூடி ஒப்பந்த வேலைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மூலதனம் ஆறணா, அதாவது இக்காலக் கணக்கில் 37 பைசா. ஒப்பந்தக்காரர் கையில் போன லாபம் உழைத்தவர் கையிலேயே தங்கிற்று. நூறு வருஷத்துக்குப் பின் இன்று அச்சங்கம் ரோடுகளும் பாலங்களும் கட்டி, பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை தருகிறது. ஆள் கிடைக்கவில்லை என்று மற்ற ஒப்பந்தக்காரர்கள் வருந்தும் ராஜ்யத்தில் அச்சங்கத்தில் வேலைக்குச் சேர ஜனங்கள் விரும்பி வருகிறார்கள். வேலை தொடர்ந்து கிடைப்பதும் கூலி தவறாமல் வருவதுமே அதன் இரகசியம்.

அவ்வளவு தூரமும் போகவேண்டியதில்லை. திருவள்ளூருக்குப் பக்கத்திலுள்ள திரூரில் 1904ஆம் வருஷம் பதிவான கடன் சங்கம் இந்நாட்டுக் கிராமச் சங்கங்களுக்கெல்லாம் முன்னோடியாக விளங்குகிறது. வட்டிக்காரரிடம் தனித்தனியே அகப்பட்ட குடியானவர்கள் ஒன்றுசேர்ந்தால் தப்பலாம் என்பதை இந்த ஜில்லாவே முதலில் காட்டிற்று. அன்று பணத்துக்குச் செய்ததை இன்று உழைப்புக்குச் செய்யவேண்டும்.

அங்கத்தினர்களே! வயலில் நடுகிறவரும் டிரெய்லர் ஓட்டுகிறவரும் பெரும்பாலும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். எனவே கூலியைப் பற்றிய வழக்கு அயலாரோடு நடக்கும் வழக்கன்று. ஊர் கூடினால்தான் தேர் நகரும். வருகிற போகத்துக்கு நாற்றுவிடும் முன் ஒவ்வொரு சங்கமும் ஒரு மாலை கூடி, நடவுப் பட்டியலை எழுதி, கூலியை நிர்ணயித்து, காத்திருக்கும் நாளுக்கும் ஒரு படியை அதில் சேர்த்துக் கையெழுத்திடுமானால், அடுத்த பொதுக்கூட்டத்தில் "ஆள் இல்லை" என்ற முறையீடு குறைந்தே கேட்கும்.